பனிமலையில் பெரட்டு

பனியில் சறுக்கி விளையாட நியூசிலாந்துக்குப் போகலாம் என்று வாத்தியார் சொன்னபோது அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஈப்போவின் மத்தியான வெயிலில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை நெத்திலிச் சம்பாலில் தொட்டுத் தின்றுகொண்டே ஒரு மனிதர் பனியைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினால், அதில் ஏதோ மறைந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படும். நான் அப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்பதைக் காலையிலிருந்து மாலைவரை தட்டச்சு செய்துகொண்டிருப்பவள். எனக்கு வேறு எப்படிப் படும்?

எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சுங்காய் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தன. எண்பதுகளின் நடுவில் எங்களுக்கெல்லாம் டவுனில் ஆளுக்கொரு வேலை, கல்யாணம், அவ்வப்போது வாத்தியார் வீட்டில் கூடி அரட்டை என்று ஆகியிருந்தது. வாத்தியார் எங்கள் தோட்டத்துக் கங்காணியின் மகன். உபகாரச் சம்பளத்தில் நியூசிலாந்து போய்ப் படித்துவிட்டு வந்து இடைநிலைப் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே கற்றுக்கொண்ட பனிச்சறுக்கை எங்களுக்கும் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பித்து.

"ஆகஸ்ட்டுல நமக்கு ஸ்கூல் லீவு, அங்க குளிர்காலம். ஜோரா போயிட்டு வந்துரலாம் லா," என்றார்.

"போறதப் பத்தி எல்லாரும் பேசுவாங்க சார். முழுசா வாரதப் பத்தி யாரு பேசுறது?" என்று கேட்டேன்.

"மாத்தா ஆரம்பிச்சிருச்சு," என்றார் வொர்க்‌ஷாப் அண்ணன். எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரை மாத்தா என்பார்கள். அந்தக் கூட்டத்தில் என் பட்டப்பெயர் அதுதான். வைத்தவரும் இவர்தான். மோட்டார் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றாய் மண்ணில் உருண்ட காலத்திலிருந்து கூட்டாளி. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணன். அந்த உறவைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரும் என் கண்ணில் மண்ணைத் தூவுவார்கள்.

என் கவலை ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. சின்ன வயதில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கூடத்தில் வேலை பார்த்ததில் நெஞ்சுக்குள் போன புகை, பிறகு டவுனில் அச்சகத்து மை வாசனை, எல்லாம் சேர்ந்துகொண்டது. மழைக்காலத்தில் அவர் நெஞ்சு விசிலடிக்கும். வீட்டில் எப்போதும் மூச்சு பம்ப் இருக்கும். வாயில் வைத்து அமுக்கினால் மருந்து உள்ளே இறங்கி மூச்சு திறந்துகொள்ளும். இப்படிப்பட்ட மனிதரை, வாயைத் திறந்தாலே குளிர் நெஞ்சைப் பிடிக்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் மலையிலிருந்து சறுக்கிவிடுவதா? அவர் போன மாதிரியே திரும்பி வீடு வர வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, போகலாம், மூச்சு வாங்க ஆட வேண்டாம், பம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் மருந்து வாங்கப் போன சமயத்தில் என் வீட்டுக்காரர் அவரிடம் தனியாக ஏதோ பேசியிருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் கேட்டேன். "வானிலை பத்திப் பேசுனோம்," என்றார். ஈப்போவில் வானிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? காலையில் வெயில், சாயந்திரம் மழை.

குளிர் தாங்குகிறாரா என்று பார்க்க முதலில் எல்லோருமாகக் கேமரன் மலைக்குப் போய் ஒரு வார இறுதி தங்கினோம். மற்றவர்கள் ஸ்ட்ராபெரி தின்றார்கள். நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாலையில் கொஞ்சம் இழுத்தது, வெயில் வந்ததும் நின்றுவிட்டது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல," என்றார். ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதர் அடிக்கடி சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது பயிற்சி. ஈப்போவுக்கு வெளியே கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது. கழுவிக் கொட்டிய மணல் வெள்ளை வெளேரென்று குன்றாகக் குவிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாத்தியார் எங்களை அங்கே இழுத்துக்கொண்டு போனார். செம்பனை மட்டையின் மேல் குந்திச் சறுக்க வேண்டும். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும், கையை முன்னால் ஊன்றக்கூடாது, எழுந்திருக்கும் முன் மேலே யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஏறுவதைப் பார்த்து, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம்தான்.

அங்கேதான் அந்தக் குசுகுசுப்பு தொடங்கியது. மணல் குன்றின் உச்சியில் என் வீட்டுக்காரரும் வொர்க்‌ஷாப் அண்ணனும் தலையோடு தலை வைத்துப் பேசுவார்கள். நான் ஏறி வருவது தெரிந்தால் இருவரும் தூரத்துச் சுண்ணாம்பு மலையை ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலையில் திடீரென்று என்ன ரசனை? சிகரெட்தான் என்று முடிவு கட்டினேன். இழுப்புக்காக விடச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பைகளைத் துழாவினேன், முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காததில் என் சந்தேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் பாதுகாப்புக் கூட்டம். வாத்தியார் விதிகளைச் சொன்னார். யாரும் தனியாகப் போகக்கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக்கூடாது. வெயில் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வெளியே வரக்கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் அடிவாரத்துச் சின்னச் சரிவில் மட்டும்.

"இவரு கடைசி நாள்வரைக்கும் அடிவாரத்துலதான்," என்றேன். "கம்பியில தொங்கிக்கிட்டு மேலே போற நாற்காலியப் பாக்கவே கூடாது. பம்ப் என் பையில இருக்கும்."

"சரி லா," என்றார் என் வீட்டுக்காரர். சண்டை போடாமல் சரி என்றது எனக்கு உதைத்தது.

அப்புறம் வாத்தியார் சொன்னார்: "விசில், கொடி எல்லாம் நம்ம ஆளுங்களுக்குச் சரிப்படாது. காலையில மலையேறுனதும் ஒரு பெரட்டு, சாயந்திரம் பஸ் ஏறுறதுக்கு முன்ன ஒரு பெரட்டு. எங்கப்பா எடுத்த மாதிரியே நான் எடுக்கிறேன்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுப்பது. ரப்பர் மரம் வெட்டப் போகும் முன் எல்லோரும் திடலில் வந்து நிற்க வேண்டும். கங்காணி பேரைக் கூப்பிடக் கூப்பிட, இருட்டுக்குள்ளிருந்து "இருக்கேங்க" என்று குரல் வரும். கூப்பிடும்போது குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பிந்தினால், பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் குரல் கொடுப்பாள். கங்காணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி அடுத்த பேருக்குப் போய்விடுவார். பத்து வயதில் அம்மாவோடு போய் நிற்கும்போது, யாருக்கு யார் குரல் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கு விளையாட்டு. ஒருநாள் உரக்கச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. தோட்டத்தில் அப்படிக் குரல் கொடுப்பதுதான் பெரிய மரியாதை. குரல் கொடுக்க ஆள் இருந்தால் நீ தனி ஆள் இல்லை என்று அர்த்தம்.

அதனால்தான் கேட்டேன். "சார், அங்கேயும் ஒருத்தருக்கொருத்தர் குரல் குடுத்தா?"

"அங்க இருட்டு ஏதும்மா? பட்டப்பகல்ல, வெள்ளைப் பனியில நிக்கப் போறோம். மூஞ்சி தெரியாதா?" என்றார். மறுபடி சிரிப்பு. வொர்க்‌ஷாப் அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஜோடி பிரித்தபோது நான் என் வீட்டுக்காரரோடு நின்றுகொண்டேன். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோடியில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்க வேண்டும், உன்னால் அவரைத் தூக்க முடியுமா என்றார். வாஸ்தவம்தான். வொர்க்‌ஷாப் அண்ணன் அவருக்கு ஜோடியானார். நான் வாத்தியார் மனைவிக்கு.

போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரத்தில் சின்ன ஊர். அங்கிருந்து தினமும் காலையில் ஒரு பஸ் எங்களைப் பனிக்கோட்டுக்கு மேலே கொண்டுபோய் விடும். வாடகைக்குக் கொடுத்த மேலங்கிகள் எல்லாம் ஒரே கருநீலம். தொப்பி, கழுத்துத்துணி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டால் மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரியும். பூட்ஸ் கட்டுப் போட்ட கால் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அது கழன்றுவிடாது என்று கடைக்காரப் பையன் சொன்னான். நான் நம்பவில்லை, உதறி உதறிப் பார்த்தேன். கழலவில்லை. அதைக் கழற்றத்தான் அன்று மாலை இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நேர்மையாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு வெள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் சத்தமே இல்லாத இடம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சத்தமில்லாத இடம் ஆகாது. பூச்சியும் குரங்கும் சும்மா இருந்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைப்போம்.

என் வீட்டுக்காரர் அடிவாரத்துச் சரிவில் நன்றாகவே பழகிவிட்டார். காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கம் விரித்து, முழங்காலை மடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவார். மூச்சு வாங்கினால் என்னிடம் வருவார். பம்பை எடுத்து நீட்டுவேன். உறிஞ்சிவிட்டு மேலே பார்ப்பார். மலையுச்சிக்குத் தொங்கு நாற்காலிகள் போய்க்கொண்டிருக்கும். அதில் சின்னப் பிள்ளைகள்கூடக் காலை ஆட்டிக்கொண்டு ஏறிப்போனார்கள்.

"என்ன பாக்குறீங்க?"

"வானத்த."

"வானம் இந்தப் பக்கமும் இருக்கு."

கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டில் மறுபடி அந்தக் குசுகுசுப்பு. சூப்புக் கிண்ணத்துக்கு மேலே இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் வொர்க்‌ஷாப் அண்ணன், "சூப்புல உப்பே இல்ல தங்கச்சி," என்றார். அவர் கிண்ணம் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. உப்பில்லாத சூப்பை யார் இப்படிக் குடிப்பார்கள்? அன்று முழுவதும் அவரை விட்டு நகரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாத்தியார் மனைவிக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. ஜோடி விதிப்படி அவரைத் தாங்கிக்கொண்டு ஓய்வறைக்குப் போனது நான்தான். விதி என்றால் விதிதானே.

மாலை நெருங்கும்போது மலைமேலிருந்து மேகம் இறங்கியது. கீழே படிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் நிழலாகிவிட்டார். நாற்காலிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. வெள்ளைக்கார டிரைவர் சாலை மூடும் முன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். நான் ஓய்வறையிலிருந்து வந்தபோது எங்கள் ஆட்கள் பஸ்ஸோரமாகக் கும்பலாக நின்றார்கள். எல்லோரும் கருநீலம், எல்லோர் முகத்திலும் துணி. வாத்தியார் பெரட்டு எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் மேகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன் வாத்தியாரே!"

கணீரென்று வந்தது அந்தக் குரல். அவர் எப்போதும் சொல்கிற வார்த்தைதான். அவர் நீட்டுகிற மாதிரியே கடைசி எழுத்தில் ஒரு நீட்டல். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்தக் குளிரில், ஒரு நாள் முழுக்க ஆடிவிட்டு, ஒரே மூச்சில் அவ்வளவு கணீரென்று சொல்ல என் வீட்டுக்காரரால் முடியாது. நடுவில் ஒரு தரமாவது மூச்சு உடையும். எத்தனை வருஷமாக அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

"சார், மறுபடி எடுங்க," என்றேன்.

"எல்லாரும் இருக்காங்கம்மா. பஸ் நிக்காது."

"அவரு குரல் இல்ல அது. எல்லாரும் மூஞ்சியக் காட்டட்டும்."

"ஐயோ மாத்தா, இங்கேயுமா லா?" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். நான் கும்பலுக்குள் நுழைந்து ஒவ்வொருவர் முகத்துத் துணியையும் பிடித்து இழுத்தேன். ஒருவருக்கு நகம் பட்டுவிட்டது. கடைசியாக ஒருவர் தானாகவே துணியை இறக்கினார். வொர்க்‌ஷாப் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை, பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா குரல் குடுத்தீங்க?"

"வந்துருவான் தங்கச்சி. கடைசி நாற்காலியில மேலே போனான். நான் பாத்தேன். இறங்கி வந்துக்கிட்டுதான் இருப்பான். பெரட்டுல ஆள் இல்லேன்னு ஆயிரக்கூடாதேன்னுதான்…"

பம்ப் என் பையில் இருந்தது. அது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது. அவர் மேலே, மருந்து கீழே. நான் கத்திக்கொண்டே மீட்புக் குழுவின் குடிசைக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மிகை, அந்தப் பூட்ஸோடு யாரும் ஓட முடியாது. விழுந்து, தவழ்ந்து, கதவைத் தட்டினேன். வாத்தியார் பின்னாலேயே வந்து ஆங்கிலத்தில் விவரம் சொன்னார். சிவப்பு மேலங்கி போட்ட இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் வேறு எதையும் கேட்கவில்லை. படகு மாதிரி ஒரு சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். என் கையிலிருந்த பம்பை அந்தப் பெண் வாங்கிச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டாள். அவளும் மேகத்துக்குள் மறைந்தாள்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வாத்தியார் தன் அப்பாவைத் திட்டினார், பெரட்டைத் திட்டினார், தன்னைத் திட்டினார். யாரும் வொர்க்‌ஷாப் அண்ணனைத் திட்டவில்லை. நம் ஆட்கள் திட்டமாட்டார்கள். அங்கே நின்றவர்களில் சின்ன வயதில் யாருக்காவது குரல் கொடுக்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் ஆத்திரமாக வந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால் பஸ் கிளம்பியிருக்கும். எல்லோரும் சேர்ந்து, அன்பாக, ஒரு மனிதரை மலையில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

கொண்டுவந்தார்கள். மேகத்தில் வழி தெரியாமல் கயிற்று எல்லை ஓரமாக ஒரு மேட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறார். ஒரு பலகை பனியில் சிக்கிக் கால் முறுக்கிக்கொண்டது. கத்தக் கத்த மூச்சு போயிருக்கிறது. அந்தப் பெண் பம்பை வாயில் வைத்து அமுக்கிய பிறகுதான் ஒரு வார்த்தை பேசினாராம். வண்டியில் கம்பளிக்குள் அவர் உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. நெஞ்சு விசிலடிப்பது பத்தடி தள்ளிக் கேட்டது. என் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்த சத்தம்.

அடிவாரத்து ஊரில் சின்னக் கிளினிக் இருந்தது. டாக்டர் கால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு, மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்து, பயமில்லை, காலையில் உட்கார்ந்துவிடுவார் என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நம்பினேன். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வொர்க்‌ஷாப் அண்ணன் வந்து எதிரில் நின்றார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அடிச்சிரு தங்கச்சி," என்றார்.

"எதுக்குண்ணே அப்படிச் செஞ்சீங்க?"

அவர் அழுதுகொண்டே சொன்னார். "ஈப்போவுலேருந்தே கேட்டுக்கிட்டு இருந்தான். ஒரே ஒரு தரம் உச்சிக்குப் போய் நின்னு பாக்கணும்னு. அவளுக்குத் தெரிஞ்சா விடமாட்டா, நான் பிந்திட்டா நீ குரல் குடுத்துரு, அவ கேள்வி கேக்க ஆரம்பிச்சா என்னால பதில் சொல்லி மாளாது மச்சான்னான். உனக்குப் பயந்துதான் தங்கச்சி."

அந்த மணல் குன்றின் குசுகுசுப்புக்குக் கடைசியில் விளக்கம் கிடைத்துவிட்டது. சிகரெட் இல்லை, டாக்டரோடு கூட்டுச் சதியும் இல்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அவரைக் காப்பாற்றியது என் சந்தேகம் என்று அந்த நிமிஷம்வரை கொஞ்சம் கர்வமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மலையில் குளிரில் மூச்சுத் திணறிக் கிடக்கும்போதும், நான் என்ன கேட்பேனோ என்று அந்த மனிதர் பயந்துகொண்டிருந்திருப்பாரோ என்று நினைத்தேன். அழுகை வந்தது. அண்ணன் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். "போய்ப் பூட்ஸைக் கழட்டுங்கண்ணே, காலு மரத்துப் போயிரும்," என்றேன்.

உள்ளே விட்டார்கள். அவர் கண் விழித்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி ஆரம்பித்தார்.

"மேலே போகலாம்னு போகல. கூட்டத்துல தள்ளிட்டாங்க, நாற்காலியில உக்காந்துட்டேன். அப்புறம் இறங்க முடியல."

எவ்வளவு மோசமான பொய். வழக்கமாக இந்த மாதிரிப் பொய்யை நான் நூல் நூலாகப் பிரித்துவிடுவேன். எந்தக் கூட்டம், யார் தள்ளினது, எத்தனை பேர், நாற்காலிக்காரன் கேட்கவில்லையா? கேள்விகள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. முழுங்கிவிட்டேன்.

"சரி," என்றேன். "படுங்க."

அவர் படுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. சந்தேகம். அது அவரிடம் நான் அதுவரை பார்க்காதது.

"ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிற?"

"சும்மாதான். ஓய்வு எடுங்க."

அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்து போயிருந்தது. "டாக்டர் ஒங்கிட்ட என்ன சொன்னாரு? மறைக்காதே. எனக்கு உள்ளுக்குள்ள ஏதாவது ஆயிருச்சா?" நெஞ்சு மறுபடி விசிலடிக்க ஆரம்பித்தது. "நீ சண்டை போடாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

நான் அவரைத் திட்டினேன். யார் தள்ளினது என்று கேட்டேன். எத்தனை பேர், என்ன சட்டை, ஆணா பெண்ணா என்று கேட்டேன். மூச்சு பம்பை விட்டுவிட்டு மேலே போக யார் புத்தி சொன்னது என்று கேட்டேன். குரல் உயர்ந்துகொண்டே போனது. நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தமிழ் புரியாமல், என் கன்னத்தில் வழிவதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் நிறுத்தவில்லை. அவர் தலையணையில் மெதுவாகச் சாய்ந்தார். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு சீராகி, தூங்கிப்போனார்.